கப்பல் விசுவாசிகளும் நகைச் சீட்டும்

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு தம்பதியைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அவர் பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். அந்தம்மா டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். பையன் வெளிநாட்டில். கையில் பென்ஷன், உடம்பில் இன்னும் கொஞ்சம் தெம்பு, வீட்டில் ஏகப்பட்ட நேரம். கோவையிலிருந்து நேரடி விமானத்தில் சிங்கப்பூர் போகிறார்கள், அங்கிருந்து நாலு ராத்திரி உல்லாசக் கப்பல். அடுத்த வருஷமும் போகிறார்கள். அதே கம்பெனி. மூன்றாவது வருஷம் அவர் வேறொரு கம்பெனியின் விளம்பரத்தை நீட்டுகிறார், விலையும் குறைவு. அந்தம்மா கண்ணாடியைக் கழற்றாமலே சொல்கிறார்: "ஏனுங்க, தெரிஞ்ச கப்பல் இருக்கறப்ப புதுசா எதுக்குங்க? அதுலயே போலாமுங்க."

அவ்வளவுதான். டிக்கெட் போட்டாச்சு.

ஏன் இப்படி? டி.பி. ரோட்டு டிராவல்ஸ்காரரைக் கேட்டால், "பாயிண்ட்ஸ் சேர்ந்திருக்குதுங்க சார், விட முடியுங்களா?" என்பார். மார்க்கெட்டிங் பேப்பர் எழுதும் பி.காம். பையனைக் கேட்டால் "பிராண்ட் லாயல்டி" என்று தலைப்புப் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்து, பத்து மார்க்குக்கு ஜல்லி அடிப்பான். கப்பல் கம்பெனியைக் கேட்டால் "எங்கள் விசுவாசமிக்க விருந்தினர்கள்" என்று கண் கலங்கும். மூன்று பதிலுமே டுபாக்கூர். அந்தம்மா சொன்னது ஒன்றுதான் உண்மையான காரணம். அவர் வாயில் பாயிண்ட் என்ற வார்த்தையே வரவில்லை, கவனித்தீர்களா?

முதலில் இந்தப் பாயிண்ட் பந்தாவைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். உலகத்தின் பெரிய உல்லாசக் கப்பல் கம்பெனிகளில் ஒன்று ராயல் கரீபியன். சிங்கப்பூரிலிருந்தும் அதன் கப்பல்கள் போகின்றன. அதன் விசுவாசத் திட்டத்தின் பெயர் 'கிரவுன் அண்ட் ஆங்கர் சொசைட்டி'. சாதாரண அறையில் ஒரு ராத்திரி தங்கினால் ஒரு பாயிண்ட், சூட் என்றால் இரண்டு. 3 பாயிண்டில் கோல்டு, 30-ல் பிளாட்டினம், 55-ல் எமரால்டு, 80-ல் டைமண்ட், 175-ல் டைமண்ட் பிளஸ், 700-ல் பினக்கிள். நாளைக்கு 4 பானங்கள் இலவசம் என்பது போன்ற சொல்லிக்கொள்ளத்தக்க சலுகை எல்லாம் டைமண்டில்தான் ஆரம்பம்.

இப்போது நம் ஆர்.எஸ்.புரம் தம்பதிக்கு வருவோம். வருஷத்துக்கு நாலு ராத்திரி. டைமண்ட் ஆக 20 வருஷம். அறுபது வயதில் ஆரம்பித்தால் எண்பதாவது வயதில் இலவச ஜூஸ் கிடைக்கும். டைமண்ட் பிளஸ் ஆக கிட்டத்தட்ட 44 வருஷம். பினக்கிள் ஆக 175 வருஷம். அதாவது அவருக்கு 235 வயது ஆகும்போது கப்பல் கேப்டன் கை குலுக்குவார். :-)

இந்தக் கணக்கு அமெரிக்க ஃப்ளோரிடாக்காரனுக்காகப் போட்டது. அவனுக்குத் துறைமுகம் கார் தூரத்தில் இருக்கிறது, வருஷத்துக்கு நாலைந்து தடவை ஏறுகிறான். விமான டிக்கெட் போட்டு, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, சிங்கப்பூர் போய் ஏறுகிற கோயமுத்தூர்க்காரருக்கு இந்த ஏணியில் இரண்டாவது படிக்கு மேல் வேலையே இல்லை. ஆனாலும் அவர் திரும்பத் திரும்ப அதே கப்பலுக்குப் போகிறார். அப்படியானால் அவரை இழுப்பது பாயிண்ட் இல்லை என்பது கணக்கிலேயே தெரிந்து போகிறது.

சரி, பாயிண்ட் எதற்குத்தான் உதவுகிறது? கட்டிப் போட உதவுகிறது. நம்மூரில் இதற்குப் பழைய பெயர் உண்டு: நகைச் சீட்டு. பதினோரு மாதம் கட்டுங்கள், ஒரு மாதத் தவணையை நாங்கள் போடுகிறோம், இல்லாவிட்டால் சேதாரத்தைக் கழித்து விடுகிறோம் என்பார்கள். பன்னிரண்டாவது மாதம் அந்தக் கடையில் மட்டும்தான் நகை எடுக்க முடியும், எதிர்க்கடையில் டிசைன் நன்றாக இருந்தாலும் அங்கே போக முடியாது. (ஏன் பதினோரு மாதம் என்றால், நிறுவனங்களின் வைப்புத்தொகை விதிகள், 2014-ன்படி பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் நேர் செய்யாவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும். பரீட்சையில் கேட்க மாட்டார்கள், ஆனால் தெரிந்து வைத்துக் கொள்ளலாம்.) சீட்டு கட்டுகிற அம்மாவை அந்த நகைக்கடையின் விசுவாசி என்று யாராவது சொல்வார்களா? அவர் பணம் அங்கே மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கப்பலில் இதே வித்தையைக் கடைசி ஒன்றிரண்டு நாளில் காட்டுகிறார்கள். வயிறு நிறைந்திருக்கும், கடல் காற்று அடிக்கும், ஊருக்குத் திரும்ப வேண்டுமே என்று மனசு கனத்திருக்கும். அந்த நேரம் பார்த்து கப்பலுக்குள்ளேயே ஒரு மேஜை. 'அடுத்த பயணத்துக்கு இப்போதே முன்பணம் கட்டுங்கள், செலவுக்குக் கொஞ்சம் டாலர் வரவு வைக்கிறோம்.' தேதி முடிவு செய்ய வேண்டாம், போகிற ஊர் கூட முடிவு செய்ய வேண்டாம், முன்பணம் மட்டும் போதும் என்கிற திட்டமும் உண்டு. ஊருக்கு வந்த பிறகு ஆற அமர நாலு கம்பெனி விலையை விசாரிக்கும் புத்தி வருவதற்குள் ஆளை முடித்துவிட வேண்டும், அதற்குத்தான் இந்த அவசரம். பிறகு இதையெல்லாம் கூட்டி, 'எங்கள் பயணிகளில் இத்தனை பேர் திரும்ப வருகிறார்கள்' என்று முதலீட்டாளர்களிடம் காட்டுவார்கள். கயிற்றில் கட்டிய மாடு தொழுவத்தில்தான் இருக்கும். அதைத் தொழுவத்தின் மீது கொண்ட பாசம் என்று எழுதினால் எப்படி?

அப்படியானால் கட்டாமலே வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள்? அதைப் புரிந்து கொள்ள சிங்கப்பூர் வரை போக வேண்டாம், நாகப்பட்டினம் வரை போனால் போதும்.

ரஜூலா என்று ஒரு கப்பல் இருந்தது. பழைய ஆட்கள் இன்னும் பேர் சொல்வார்கள். 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டியது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காரர்களுடையது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நடுவில் ஒரு உலகப் போரையும் பார்த்துவிட்டு 1973 வரை ஓடியது. மேல் வகுப்பில் கொஞ்சம் பேர். மீதிப்பேர் தளப் பயணிகள், பாயை விரித்த இடம்தான் அறை. அந்தக் காலத்தில் 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்தது. இன்றைக்குச் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பிரம்மாண்டமான உல்லாசக் கப்பல்களோடு இந்த எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள், ரஜூலாவின் அளவு அவற்றில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. என்ன நெரிசல் இருந்திருக்கும்! தோட்டக் கூலிகளும், கடை வைக்கப் போனவர்களும், கல்யாணத்துக்கு ஊர் திரும்பியவர்களும் அதில்தான் போனார்கள். வாந்தி, வெக்கை, தண்ணீருக்கு வரிசை. நட்சத்திர மதிப்பீடு கொடுத்தால் ஒன்று கூடத் தேறாது.

அந்தக் கப்பலைத்தான் மலேசியத் தமிழர்களும் சிங்கப்பூர்த் தமிழர்களும் இன்றுவரை சொந்தக்காரரைப் போல நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். "எங்க தாத்தா ரஜூலாவுல வந்தார்" என்பது அங்கே ஒரு குடும்ப அடையாளம். ஒரு பாயிண்ட் கிடையாது, ஒரு கார்டு கிடையாது.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும்: வேறு கப்பல் அதிகம் இல்லாததால் அதில் போனார்கள், இதில் விசுவாசம் எங்கே வந்தது? நல்ல கேள்வி. பாதி நியாயம். விமானம் கட்டுபடியாகாத காலத்தில் அவர்களுக்கு வேறு வழி இல்லை. போனது நிர்ப்பந்தம். ஆனால் நிர்ப்பந்தத்தால் போன எல்லாவற்றையும் மனுஷன் பாசத்தோடு நினைப்பதில்லை. பஞ்சாலை ஷிப்டும் நிர்ப்பந்தம்தான், யாரும் அதற்குப் பேர் வைத்துக் கொஞ்சுவதில்லை. ரஜூலா ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், அது வருஷக்கணக்கில் ஒரே வழியில் சொன்னபடி வந்தது. அம்மா போனதும் மகன் போனதும் அதே கப்பல். போகிறவனுக்கு யாரைப் பார்த்து என்ன கேட்க வேண்டும் என்று போய் வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்திருப்பார். தெரியாத கடலில் தெரிந்த ஒரே பொருள் அந்தக் கப்பல்.

அதற்குப் பிறகு வந்த சிதம்பரம் கப்பலும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரர்கள் 1966-ல் கட்டிய 'பாஸ்டர்' என்ற கப்பலை இந்தியக் கப்பல் கழகம் 1972-ல் வாங்கி சிதம்பரம் என்று பேர் வைத்து அதே தடத்தில் விட்டது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தத் தடமே முடிந்து போனது. ரஜூலாவின் தடம் அறுபது வருஷத்தை எட்டுவதற்குள் அறுந்தது.

ஆர்.எஸ்.புரம் அம்மா சொன்ன "தெரிஞ்ச கப்பல்" இதேதான். அவருக்கு என்ன தெரியும்? எந்த மாடியில் சைவச் சாப்பாடு, எத்தனை மணிக்குப் போனால் கூட்டமில்லை, பூண்டு வெங்காயம் இல்லாமல் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பார்களா, முழங்கால் வலிக்காரருக்கு லிஃப்ட் பக்கத்தில் அறை கேட்டால் கிடைக்குமா, பக்கத்துக் குளியலறையில் வழுக்குமா. இந்தியர்களை ஏற்றும் கம்பெனிகள் இதை நன்றாகப் புரிந்து வைத்திருக்கின்றன. சிங்கப்பூரில் இந்தியக் கூட்டத்தைப் பிடித்த கப்பல்களில் சைவத்துக்கும் ஜைன உணவுக்கும் தனி ஏற்பாடு உண்டு. புதுக் கம்பெனி என்றால் இதையெல்லாம் முதலில் இருந்து கற்க வேண்டும். நாலு ராத்திரிப் பயணத்தில் இரண்டு நாள் வழி கேட்பதிலேயே போய்விடும். அறுபத்தைந்து வயதில் அந்த இரண்டு நாளுக்கு விலை உண்டு. அன்னபூர்ணாவுக்கு சாம்பாருக்காகப் போகிறவர் பாயிண்டுக்காகவா போகிறார்? போன வாரம் எப்படி இருந்ததோ அப்படியே இந்த வாரமும் இருக்கும் என்பதற்காகப் போகிறார். அதில் அறிவுக் குறைவு ஒன்றும் இல்லை.

சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது. பயணி வைக்கும் இந்த நம்பிக்கைக்குக் கம்பெனி என்ன கைமாறு செய்கிறது?

2000-களில் இந்தியாவிலிருந்து சிங்கப்பூர் டூர் போனவர்களுக்கு உல்லாசக் கப்பல் என்றால் ஸ்டார் குரூஸ்தான். 'சூப்பர்ஸ்டார் வர்கோ' (1999-ல் வந்த கப்பல்) ஆல்பத்தில் இல்லாத டூரிஸ்ட் வீடு குறைவு. அந்த ஸ்டார் குரூஸ், பிறகு வந்த டிரீம் குரூஸ் எல்லாம் கெந்திங் ஹாங்காங் என்ற ஒரே குழுமத்தின் கடைகள். கொரோனாவில் கப்பல்கள் நின்றன. ஜெர்மனியில் அவர்கள் வைத்திருந்த கப்பல் கட்டும் தளமும் திவாலானது. 2022 ஜனவரியில் கெந்திங் ஹாங்காங்கே கலைப்பு மனுவோடு கோர்ட்டுக்குப் போய்விட்டது. இருபது வருஷ விசுவாசம் எந்தக் கணக்குப் புத்தகத்தில் ஏறியது? கலைப்பில் அடமானக் கடன் கொடுத்த வங்கிதான் முதலில் நிற்கும். அடுத்த பயணத்துக்கு முன்பணம் கட்டிய பயணி வரிசையின் பின்னால் நிற்பார். இந்தியச் சட்டத்தில் வீட்டுக்கு முன்பணம் கட்டியவர்களையாவது 2018 திருத்தத்தில் நிதிக் கடனாளர் என்று ஏற்றார்கள். கப்பல் டிக்கெட் வாங்கியவருக்கு அந்த இடமும் இல்லை. அதே 2022 ஜூனில் 'ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ்' என்று புதுப் பெயரில் 'கெந்திங் டிரீம்' கப்பல் சிங்கப்பூரில் இருந்து கிளம்பியது. கப்பல் ஒன்றுதான். கம்பெனி வேறு. விசுவாசி எந்தப் பக்கம் நிற்பது?

இதெல்லாம் கோவைக்குப் புதிதில்லை. ஏர் கார்னிவல் என்று கோவையையே தலைமையிடமாக வைத்து ஒரு விமானக் கம்பெனி 2016-ல் கிளம்பி 2017-ல் நின்றது, ஞாபகம் இருக்கிறதா?

சென்னைக்கு வாருங்கள். 2022 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிய கார்டிலியா கம்பெனியின் 'எம்ப்ரஸ்' கப்பல் 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்கும் போனது. அந்தக் கப்பலின் ஜாதகம் சுவாரசியம். 1990-ல் ராயல் கரீபியனின் 'நார்டிக் எம்ப்ரஸ்'. 2004-ல் 'எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ்'. 2008-ல் ஸ்பெயினின் புல்மன்டூர் கம்பெனிக்குப் போய் வெறும் 'எம்ப்ரஸ்'. 2016-ல் திரும்ப ராயல் கரீபியன். 2020 கடைசியில் விற்று, இந்தியாவுக்கு வந்தது. (அந்தப் புல்மன்டூர் 2020-லேயே திவால் மனு கொடுத்துவிட்டது.) இத்தனை கை மாறிய கப்பலில் ஏறி நின்று 'நான் இந்தக் கம்பெனியின் நெடுநாள் விசுவாசி' என்று ஒருவர் சொன்னால் கப்பலே சிரிக்கும். கார்டிலியாவில் திரும்பத் திரும்பப் போகிறவர்களை இப்போதைக்கு விசுவாசி என்று எண்ணவும் கூடாது. இந்தியத் துறைமுகங்களில் இருந்து வருஷம் முழுக்க ஓட்டும் வேறு கம்பெனி சொல்லும்படி இல்லாதபோது அது ரஜூலா காலத்து நிர்ப்பந்தம் மாதிரிதான்.

இன்னொரு வேடிக்கை. கார்னிவல் கப்பலில்தான் போவேன் என்று ஒருவர், இல்லை பிரின்சஸ்தான் உசத்தி என்று இன்னொருவர், குனார்டு மாதிரி வருமா என்று மூன்றாமவர் மல்லுக்கு நிற்பார்கள். மூன்று பெட்டிக்கும் சாவி ஒரே கையில், கார்னிவல் கார்ப்பரேஷனிடம். ரஜூலாவின் முதலாளியான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி 1914-லேயே பி அண்ட் ஓ-வோடு சேர்ந்துவிட்டது. அந்த பி அண்ட் ஓ-வின் உல்லாசக் கப்பல் பிரிவு 2003-ல் கார்னிவலோடு இணைந்தது. நாகப்பட்டினத்தில் பாய் சுருட்டிக்கொண்டு ஏறியவரின் கம்பெனிப் பரம்பரையைத் தேடிப் போனால் கடைசியில் மயாமியில் போய் நிற்கிறது!

அதே கார்னிவல் 2025 ஜூனில் ஒரு அறிவிப்பு விட்டது. இத்தனை வருஷம் எத்தனை நாள் பயணம் செய்தீர்கள் என்பதை வைத்துத் தகுதி கொடுத்தோம், 2026 ஜூனிலிருந்து எவ்வளவு செலவு செய்தீர்கள் என்பதை வைத்துக் கொடுப்போம், அதையும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்றது. பழைய பயணிகள் கொதித்துப் போனார்கள். ஏன் கொதிக்க வேண்டும்? கம்பெனி முதல் தடவையாக உண்மையைச் சொல்லியிருக்கிறது. வருஷா வருஷம் ஜன்னல் இல்லாத சின்ன அறையில் வந்து, நன்றாக இருந்தது என்று நாலு பேரிடம் சொன்ன ரிட்டயர்டு டீச்சரை விட, ஒரே தடவை சூட்டில் வந்து சூதாட்ட மேஜையில் பணம் இறைத்தவர்தான் அவர்களுக்கு 'விசுவாசி'.

இந்த மாற்றம் வானத்திலிருந்து விழவில்லை. 2002-லேயே ரைனார்ட்ஸ், வி. குமார் என்ற இரு பேராசிரியர்கள் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் நாலு கம்பெனிகளின் கணக்கை வைத்து எழுதினார்கள்: நீண்ட நாள் வாடிக்கையாளர் என்றால் லாபமும் அதிகம் என்பது அவ்வளவு உறுதியான விஷயம் இல்லை. பழைய ஆளுக்கு விலையும் தெரியும், உரிமையோடு கேட்கவும் தெரியும். கம்பெனிகள் அந்தப் பாடத்தைப் படித்து மனப்பாடம் செய்து விட்டன. பயணிதான் இன்னும் பழைய சிலபஸிலேயே இருக்கிறார்.

"அட, கப்பலில் போய் நாலு நாள் சந்தோஷமாக இருக்கிறார்கள், இதற்குப் போய் இவ்வளவு கூப்பாடா?" என்று கேட்கலாம். சந்தோஷத்தில் யாருக்கும் பொறாமை இல்லை. பிரச்சனை அந்த மூன்றாவது வருஷ விளம்பரத்தில் இருக்கிறது. அதே நாலு ராத்திரி, விலை குறைவு. அந்தம்மா பார்க்கக்கூட இல்லை. விலை பார்க்காத பயணி யார் என்பது கம்பெனியின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். பென்ஷன் பணம் அங்கேதான் கசிகிறது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதாரக்காரர் 1970-ல் எழுதிய புத்தகத்தில் சொன்னபடி, ஒரு நிறுவனம் கெட்டுப் போனால் வாடிக்கையாளருக்கு இரண்டு வழி: விட்டுப் போவது, அல்லது சத்தம் போடுவது. விசுவாசம் என்பது விட்டுப் போகாமல் நின்று சத்தம் போட வைப்பது. அந்தக் கணக்கில் பார்த்தால் 2025-ல் கார்னிவலைத் திட்டித் தீர்த்த அமெரிக்கர்கள்தான் நிஜ விசுவாசிகள். நம்மவர்கள் போவதும் இல்லை, சத்தம் போடுவதும் இல்லை. சாம்பாரில் உப்பு இல்லாவிட்டால் ஹோட்டலில் சர்வரைக் கூப்பிட்டுக் கேட்கிற அதே மனுஷன், லட்ச ரூபாய் கட்டின கப்பலில் "பரவாயில்லைங்க" என்று சிரித்துவிட்டு வருகிறார்.

அந்தம்மா அதே கப்பலில்தான் போவேன் என்றால் தாராளமாகப் போகட்டும், அவர் சொன்ன காரணம் பிரமாதமான காரணம். டி.பி. ரோட்டுக் கடையில் உட்காரும்போது மட்டும் இன்னும் இரண்டு கம்பெனியின் விலையை எழுதி வாங்கி, அதை எடுத்துக் காட்டி இந்தக் கம்பெனியிடம் குறைத்துக் கேட்கட்டும். டிராவல்ஸ்காரருக்கு எந்தக் கப்பலில் கமிஷன் அதிகம் என்றும் சிரித்துக்கொண்டே கேட்டு வைக்கலாம். கப்பலில் அந்த முன்பண மேஜை வந்தால் அதைத் தாண்டி நேராகச் சாப்பாட்டு மாடிக்குப் போகலாம். வழிதான் தெரியுமே.